மண்டபத்திலிருந்து மோனா வரை: மேற்கிந்தியப் பல்கலைக்கழக இணையவழி உலா குறித்த மதிப்புரை

கரீபியன் தீவு நாடுகள் சேர்ந்து நடத்தும், ஜமைக்காவின் மோனாவிலும் வேறு தீவுகளிலும் வளாகங்கள் கொண்ட மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றையும் பண்பாட்டு மரபையும் நேரலைக் காணொளியில் சுற்றிக்காட்டும் சேவை ஒன்றைத் தனியார் நிறுவனம் ஒன்று தமிழில் நடத்திவருகிறது. ஜமைக்காவில் இருக்கும் வழிகாட்டி கைப்பேசிக் கேமராவுடன் வளாகத்துக்குள் நடந்துகொண்டே பேசுவார். இங்கிருக்கும் ஒரு தமிழர் அதை உடனுக்குடன் தமிழில் எடுத்துச் சொல்வார். பார்ப்பவர்கள் இடையில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். ஒரு மணி நேர அமர்வுக்கு ஒரு குழுவிடம் 1,800 ரூபாய் வாங்குகிறார்கள். மண்டபத்தில் உள்ள எங்கள் வாசகசாலையில் மேல்நிலை மாணவர்கள், மீனவர்கள், ஒரு கொத்தனார், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்கள் என ஒரு கலவையான கூட்டம் சேர்ந்து, கட்டணத்தைப் பங்கிட்டுக்கொண்டு, தொடர் முழுவதையும் பார்த்தோம். நேர வேறுபாடு நமக்கு வசதியாகவே அமைந்திருக்கிறது: ஜமைக்காவில் காலை எட்டு மணி என்றால் இங்கே மாலை ஆறரை. படகுகள் கரையேறி, மீன் ஏலம் முடிந்து, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து உட்காரலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நம் மாவட்டத்துப் பேருந்து நிலையச் சுவர்களில் கரீபியன் தீவுகளில் மருத்துவப் படிப்பு என்று ஒட்டப்படும் சுவரொட்டிகளுக்கும் இந்தச் சேவைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இது மாணவர் சேர்க்கைக்கு ஆள் பிடிக்கும் வேலை அன்று. அந்தச் சுவரொட்டிகளைப் பார்த்துவிட்டு வந்த இரண்டு பெற்றோர்கள் முதல் அமர்வின் பாதியிலேயே எழுந்து போனார்கள். விளம்பரத்தில் இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் அவர்களுக்கு அந்தச் சிரமம் நேர்ந்திருக்காது.

தொடரின் மிகச் சிறந்த பகுதி, பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு முன்பு அந்த நிலம் என்னவாக இருந்தது என்பதைக் காட்டும் முதல் அமர்வுதான். ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனை ஒட்டி, மலையடிவாரத்தில், அறுநூறு ஏக்கருக்கும் மேல் விரிந்துகிடக்கும் மோனா வளாகம், மோனா, பப்பைன் என்ற இரண்டு பழைய கரும்புத் தோட்டங்களின் மீது அமைந்திருக்கிறது. ஹோப் ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து ஆலைச் சக்கரத்தைச் சுற்றுவதற்காக 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய கல் வாய்க்கால், வளைவு வளைவாக இன்றைக்கும் வளாகத்தின் குறுக்கே நிற்கிறது. மாணவர்கள் அதன் வளைவுகளுக்குக் கீழே புகுந்து வகுப்புக்குப் போகிறார்கள். வழிகாட்டி இந்த இடத்தில் அவசரப்படவில்லை. வாய்க்காலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கியது, சக்கரம் எங்கே இருந்தது, சாறு காய்ச்சும் கொட்டகை எங்கே இருந்தது என்று கைகாட்டிக்கொண்டே போனார். அந்தக் கல்லைச் சுமந்தவர்களும் அடுக்கியவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் என்பதையும், 1834-இல் சட்டப்படி அடிமைமுறை ஒழிக்கப்பட்டும் 1838 வரை அவர்களுக்கு முழு விடுதலை கிடைக்கவில்லை என்பதையும் அவர் குரலை உயர்த்தாமல் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்ததாகக் காட்டப்பட்ட தேவாலயத்தின் பொருட்டே இந்தச் சேவைக்குப் பணம் கொடுக்கலாம். அது மோனாவில் கட்டப்பட்ட கட்டடமே அன்று. தீவின் வடகரையில் உள்ள ட்ரெலானி மாவட்டத்தில், கேல்ஸ் வேலி என்ற கரும்புத் தோட்டத்தில் நின்ற கட்டடம் அது. பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தரான இளவரசி ஆலிஸ் அதன்மேல் ஆர்வம் கொள்ள, கல் கல்லாகப் பிரித்து, தீவின் மறுபக்கத்துக்குக் கொண்டுவந்து, மோனாவில் மறுபடியும் எழுப்பியிருக்கிறார்கள். வழிகாட்டி கேமராவை முகப்பின் உச்சிக்கு நெருக்கிக் காட்டினார். கூரைக்குச் சற்றுக் கீழே, கல்லில் வெட்டிய பெரிய எழுத்துகளில், தோட்ட முதலாளி எட்வர்ட் மொரான்ட் கேலின் பெயரும் 1799 என்ற ஆண்டும் தெரிந்தன. எங்களில் ஒரு மாணவி, கல்லை வெட்டியவர்களின் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வழிகாட்டி சற்று நேரம் கேமராவை அங்கேயே வைத்திருந்தார். உள்ளே போனதும் கூரையின் அடிப்பக்கத்தில் பல்கலைக்கழகத்தைத் தாங்கும் நாடுகளின் சின்னங்கள் வரிசையாகத் தீட்டப்பட்டிருப்பதைக் காட்டினார். முதலாளியின் பெயரை அழிக்காமல் அப்படியே விட்டு, அதே கூரைக்குக் கீழே விடுதலை பெற்ற நாடுகளின் சின்னங்களை வைத்திருப்பது, எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியாத வரலாறு.

எங்கள் கொத்தனாரின் மனம் இந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது. கீழக்கரைப் பக்கம் பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய வீடுகளைப் பழுதுபார்த்த கை அவருடையது. கல்லைப் பிரிக்கும்போது ஓரம் உதிராமல் எப்படிப் பிரித்தார்கள், மறுபடி அடுக்கும்போது பழைய சுண்ணாம்புச் சாந்தா, சிமென்டா என்று விடாமல் கேட்டார். வழிகாட்டியிடம் பதில் இல்லை; பிற்பாடு விசாரித்து எழுதி அனுப்புவதாகச் சொன்னார்கள், இதுவரை வரவில்லை. கல்லைப் பற்றிய உலாவில் கல் வேலை தெரிந்தவர் கேட்கக்கூடிய கேள்விக்கு ஒரு ஏற்பாடு இருந்திருக்க வேண்டும்.

முதல் அமர்வின் கடைசி இருபது நிமிடங்கள் மண்டபத்துக்காரர்களாகிய எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தன. இரண்டாம் உலகப் போரின்போது, 1940-இல், ஸ்பெயினை ஒட்டிய பிரிட்டிஷ் பகுதியான ஜிப்ரால்டரிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்களைத் தங்கவைப்பதற்காக மோனாவில் மரத்தால் ஒரு முகாம் கட்டப்பட்டது. பல ஆயிரம் பேருக்கென்று கட்டினாலும் ஜிப்ரால்டரிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 1,500 பேர்தான். பிறகு ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூத அகதிகள் சிலரும் அங்கே தங்கினார்கள். போர் முடிந்து அவர்கள் போன பின், பிற்பாடு இந்தப் பல்கலைக்கழகமாக வளர்ந்த கல்லூரி 1948-இல் தொடங்கியபோது முதல் வகுப்புகளும் தங்குமிடங்களும் அந்த மரக்கட்டடங்களிலேயே அமைந்தன. அவற்றுள் சில இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. இதைக் கேட்கும்போது எங்களில் யாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்டவர்களை இறக்கித் தங்கவைத்து, உடல்நிலை பார்த்து, தனுஷ்கோடி வழியாகத் தலைமன்னாருக்கு அனுப்பிய இடம் எங்கள் மண்டபம் முகாம். அதே இடத்தில்தான் பின்னாளில் இலங்கைத் தமிழ் ஏதிலியரும் தங்கினார்கள். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1949-இல் மண்டபம் முகாமுக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் இங்கே இருந்ததையும் ஊர்ப் பெரியவர்கள் அறிவார்கள். ரயில்வேயில் இருந்த பெரியவர் ஒருவர் வழிகாட்டியிடம் இதைச் சொல்லச் சொன்னார். எடுத்துச் சொன்னதும் அவர் நடையை நிறுத்திவிட்டு எங்கள் முகாமைப் பற்றிக் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார். நாங்கள் கொடுத்த பணத்தில் அவர் பாடம் கேட்டார் என்று அந்தப் பெரியவர் பிறகு சிரித்தார்.

பல்கலைக்கழகம் உருவான கதையைச் சொல்லும் இரண்டாவது அமர்வு ஒழுங்காகவும் வேகமாகவும் நடந்தது. போர்க்காலத்தில் பிரிட்டன் அமைத்த ஆணையத்தின் ஒரு பிரிவாக, சர் ஜேம்ஸ் இர்வின் தலைமையிலான குழு, மேற்கிந்தியத் தீவுகள் அனைத்துக்கும் பொதுவாக ஒரே கல்லூரி வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1948 அக்டோபரில் 33 மருத்துவ மாணவர்களோடு வகுப்புகள் தொடங்கின. டி. டபிள்யூ. ஜே. டெய்லர் என்ற வேதியியல் அறிஞர் முதல் முதல்வர். பட்டத்தை லண்டன் பல்கலைக்கழகம்தான் வழங்கியது. தானே பட்டம் வழங்கும் முழுப் பல்கலைக்கழகமாக அது ஆனது 1962-இல். இந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1958-இல் தீவுகள் சேர்ந்து அமைத்த மேற்கிந்தியக் கூட்டாட்சி, 1961-இல் ஜமைக்கா மக்கள் வாக்கெடுப்பில் விலகுவதென்று முடிவு செய்ததால் ஆட்டம் கண்டு, 1962-இல் கலைந்துபோனது. நாடு ஒன்றாக நிற்க முடியாத அதே ஆண்டில் பல்கலைக்கழகம் ஒன்றாக நின்றது. இன்றைக்கும் பதினைந்துக்கும் மேற்பட்ட அரசுகள் அதைச் சேர்ந்து நடத்துகின்றன. கடலால் பிரிந்த, ஒன்றுக்கொன்று பொறாமை கொள்ளும் அரசுகள் ஒரே நிறுவனத்துக்கு ஆண்டாண்டாக எப்படிப் பணம் போடுகின்றன, யார் பாக்கி வைக்கிறார்கள், வளாகங்களுக்குள் போட்டி உண்டா என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அமர்வு அந்தப் பக்கம் போகவே இல்லை.

பல்கலைக்கழகச் சின்னத்தின் உச்சியில் கூழைக்கடா இருக்கிறது. அங்கே படித்தவர்கள் தங்களைக் கூழைக்கடாக்கள் என்றே அழைத்துக்கொள்கிறார்கள். தேர்த்தங்கல் கண்மாயில் ஆண்டுதோறும் கூழைக்கடா பார்க்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிட வேறு அறிமுகம் தேவைப்படவில்லை. அவர்களுடையது பழுப்பு நிறக் கூழைக்கடா, வானத்திலிருந்து நேராகக் கடலுக்குள் பாய்ந்து மீனைப் பிடிப்பது. நம்முடையது சாம்பல் நிறம், தண்ணீரில் மிதந்தபடி அலகுப் பையால் அள்ளுவது. இந்த வேறுபாட்டை ஒரு மாணவன்தான் படத்தைப் பார்த்துச் சொன்னான்.

மூன்றாவது அமர்வு ஆளுமைகளைப் பற்றியது. இங்கேதான் சேவையின் தரம் இறங்குகிறது. பெரிய பெயர்களைப் பட்டியலாக வாசிப்பது உலா ஆகாது. 1962-இல் முதல் துணைவேந்தராகி, 1979-இல் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்ற ஆர்தர் லூயிஸும், மோனாவில் படித்து 1992-இல் இலக்கியத்துக்கு நோபல் பெற்ற டெரெக் வால்காட்டும் செயின்ட் லூசியா என்ற ஒரே சிறு தீவில், வெவ்வேறு ஆண்டுகளில், ஒரே ஜனவரி 23-ஆம் தேதி பிறந்தவர்கள் என்ற செய்தி சுவையானது. ஆனால் அதற்கு மேல் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு இரண்டு வாக்கியங்கள்கூட ஒதுக்கப்படவில்லை. நாட்டியக் கலைஞரும் அறிஞருமாகிய ரெக்ஸ் நெட்டில்ஃபோர்ட் 1998 முதல் 2004 வரை துணைவேந்தராக இருந்தவர்; நாடு விடுதலை பெற்ற 1962-இலேயே தேசிய நாட்டிய நாடகக் குழுவை நிறுவியவர்களுள் ஒருவர். நடனம் ஆடியவர் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார் என்பது எங்கள் கூட்டத்தில் பலருக்கு வியப்பாக இருந்தது. அந்த வியப்பைப் பயன்படுத்திக்கொள்ளாமல் அடுத்த பெயருக்குத் தாவிவிட்டார்கள்.

வால்டர் ராட்னியைப் பற்றிய பகுதி மட்டும் விதிவிலக்கு. கயானாவைச் சேர்ந்த அந்த வரலாற்று ஆசிரியர், வகுப்பறையை விட்டிறங்கிக் கிங்ஸ்டன் சேரிகளில் உட்கார்ந்து ஆப்பிரிக்க வரலாறு பேசியவர். 1968 அக்டோபரில் கனடாவில் ஒரு மாநாட்டுக்குப் போய்த் திரும்பியவரை விமானத்திலிருந்து இறங்கவிடாமல் ஜமைக்கா அரசு திருப்பி அனுப்பியது. மறுநாள் மோனா மாணவர்கள் ஊர்வலம் போக, நகரமெங்கும் கலவரம் மூண்டது. வழிகாட்டி மாணவர்கள் புறப்பட்ட வாசலிலேயே நின்று இதைச் சொன்னார். எந்தச் சாலையில் போனார்கள் என்றும் காட்டினார். ஆட்களைப் பற்றிப் பேசும்போதும் இடத்தைப் பிடித்துக்கொண்டால்தான் இந்தச் சேவைக்கு உயிர் வருகிறது. அதே வரலாற்றுத் துறையில் 1961-இல் பேராசிரியரான எல்சா கொவேயாவின் பெயரே வரவில்லை. மேற்கிந்திய வரலாற்றுக்கு முதல் பேராசிரியர் அவர். அந்தக் கல்லூரியின் முதல் பெண் பேராசிரியரும் அவரே. பெண் பிள்ளைகள் பாதிக்கு மேல் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்துக்கு முன்னால் இந்த விடுபடல் நன்றாக இல்லை.

மருத்துவம் பற்றிய பகுதியை நான் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஆனால் மீனவர்கள் மிகவும் ரசித்தது அதைத்தான். ஜமைக்காவில் அன்றாட உணவாகிய ஆக்கிப் பழம் பழுக்காமல் உண்ணப்பட்டால் உயிரையே எடுத்துவிடும்; அதற்குக் காரணமான நச்சுப்பொருளை 1950-களில் மோனாவின் வேதியியல் கூடத்தில்தான் பிரித்தெடுத்தார்கள். அதைவிடப் பெரிய கதை கண் மருந்து. கஞ்சா ஊறிய ரம்மைக் குடித்தால் இரவில் கண் தெளிவாகத் தெரிகிறது என்று அந்தத் தீவின் மீனவர்கள் சொல்லிவந்ததைக் காதில் வாங்கிக்கொண்டு, பல்கலைக்கழகத்தின் மருந்தியல் அறிஞர் மேன்லி வெஸ்ட், கண் மருத்துவர் ஆல்பர்ட் லாக்ஹார்ட்டுடன் சேர்ந்து ஆராய்ந்து, கண் அழுத்த நோய்க்கு கனசால் என்ற சொட்டு மருந்தை உருவாக்கினார். அது 1987-இல் விற்பனைக்கு வந்தது. எங்கள் வரிசையில் இருந்த மூத்த மீனவர் ஒருவர் பக்கத்தில் இருந்த ஆசிரியரிடம் திரும்பி, “சாரு, படிச்சவுக கடலுக்குப் போறவன் பேச்சைக் காது குடுத்துக் கேட்டிருக்காக பாத்தீகளா” என்றார். பாக் நீரிணையில் இழுவலை வந்த பிறகு எந்தெந்த மீன் காணாமல்போயிற்று என்று அவர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதை அறிந்தவர்களுக்கு அந்தப் பேச்சின் காரம் புரியும்.

பார்படோஸ் தீவின் கேவ் ஹில் வளாகத்துக்கான அமர்வில் கிரிக்கெட் தவிர வேறெதுவும் இல்லை என்றே சொல்லலாம். அந்த வளாகம் 1963-இல் தொடங்கியது. ஃப்ராங்க் வொரல், எவர்டன் வீக்ஸ், கிளைட் வால்காட் ஆகிய மூன்று ஆட்டக்காரர்களின் பெயரால் அங்கே மைதானம் இருக்கிறது. ஃப்ராங்க் வொரலின் கல்லறையும் அங்கேதான். 1962-இல் பந்து தலையில் பட்டு உயிருக்குப் போராடிய இந்திய அணித் தலைவர் நாரி கான்ட்ராக்டருக்கு ரத்தம் கொடுத்தவர் வொரல் என்பது நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஓய்வுக்குப் பின் அவர் பல்கலைக்கழகத்தில் மாணவர் விடுதிக் காப்பாளராக இருந்தார் என்பதை நான் இங்கேதான் அறிந்தேன். மைதானத்தைச் சுற்றி நாற்பது நிமிடம் காட்டியது மட்டும் அதிகம்.

என் முக்கியக் குறை திரினிடாட் அமர்வைப் பற்றியது. செயின்ட் அகஸ்டின் வளாகத்தின் மூலம் 1921-இல் தொடங்கி, 1924-இல் வெப்பமண்டல வேளாண்மைக்கான இம்பீரியல் கல்லூரி என்று பெயர் பெற்ற நிறுவனம். 1960-இல் அது பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. உலகில் இருக்கும் கோகோ வகைகளில் ஏறக்குறைய 2,400 வகைகளை மரமாகவே வளர்த்துப் பாதுகாக்கும் மரபணு வங்கி இன்று அதன் பொறுப்பில் இருக்கிறது. இதெல்லாம் சொன்னார்கள், நேரலையாக இல்லாமல் படக்காட்சியாக. ஒப்பந்தக் கூலி முறையில் 1845-இல் முதல் கப்பல் வந்தது முதல் 1917-இல் அந்த முறை முடியும் வரை திரினிடாடுக்கு மட்டும் ஏறத்தாழ 1,44,000 இந்தியர்கள் போனார்கள். கல்கத்தாவிலிருந்து போனவர்களே மிகுதி என்றாலும் மதராஸ் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. பக்கத்துப் பிரெஞ்சுத் தீவுகளுக்குக் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் போனவர்கள் நம் மொழிக்காரர்கள். மாரியம்மனையும் மதுரைவீரனையும் உடன் கொண்டுபோனவர்கள். இந்த மக்களைப் பற்றிய ஆய்வுக்காக 1975 முதலே செயின்ட் அகஸ்டினில் மாநாடுகள் நடந்திருக்கின்றன. தமிழில், தமிழர்களுக்காக, காசு வாங்கிக்கொண்டு நடத்தும் உலாவில் இதற்குக் கிடைத்தது நான்கே நிமிடம், இரண்டு பழைய புகைப்படம். மோனாத் தோட்டத்திலேயே இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள் என்பதும் போகிற போக்கில் சொல்லப்பட்டதுதான். மண்டபம் முகாமின் கதையைச் சொன்னபோது வழிகாட்டி காட்டிய ஆர்வத்தைப் பார்த்தால், அந்த மனிதரிடம் சரக்கு இருக்கிறது, தொடரைத் திட்டமிட்டவர்களிடம்தான் இல்லை என்று தோன்றுகிறது.

ஏற்பாடுகளைப் பொறுத்தவரை, தமிழில் எடுத்துச் சொன்ன பெண் திறமையானவர். வழிகாட்டியின் ஜமைக்கா உச்சரிப்பில் தடுமாறவில்லை, தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லவும் இல்லை. காற்று அடிக்கும்போது ஒலி கெடுகிறது. சட்டைக் காலரில் மாட்டும் சிறு மைக் ஒன்று போதும், ஏன் தரவில்லை என்று தெரியவில்லை. முன்கூட்டியே அனுப்பும் கையேட்டில் வளாக வரைபடம் இல்லாததால், வாய்க்கால் எங்கே, தேவாலயம் எங்கே என்று பிள்ளைகள் தாங்களே கரும்பலகையில் வரைந்து பார்க்க வேண்டியிருந்தது. பதிவு செய்த காணொளியைத் தருவதில்லை. எங்கள் பக்கம் மின்சாரம் போய் விட்டுப்போன பகுதியையாவது தந்திருக்கலாம். நாங்கள் கேட்டதும் அந்த அமர்வின் கால் மணி நேரத்தை வேறு நாளில் இலவசமாக நடத்திக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பள்ளிகளும் வாசகசாலைகளும் குழுவாகச் சேர்ந்து எடுப்பதானால் முதல் அமர்வை யோசிக்காமல் எடுக்கலாம். இரண்டாவதை மேல்நிலை மாணவர்களுக்கு எடுக்கலாம். ஆளுமைகள் பற்றிய அமர்வில் ராட்னியையும் மருத்துவத்தையும் மட்டும் விரிவாகக் காட்டச் சொல்லி முன்பே எழுதிவிடுங்கள், கேட்டால் மாற்றித் தருகிறார்கள். கேவ் ஹில் கிரிக்கெட் பைத்தியங்களுக்கு. திரினிடாட் அமர்வை நேரலையாக மாற்றி, ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு உரிய நேரம் ஒதுக்கும் வரை, அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம்.